ஐந்துக்கு இரண்டு

சுவிசுக்கு வந்த இந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் நான்கு பேருக்கு அடித்திருக்கிறேன். முதலாவது, பேருந்தில் தாராளமாக இடமிருந்தும் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஒரு மனிதன். குடைப்பிடியால் முழங்காலில் ஒன்று போட்டேன். அடுத்த தரிப்பிடத்தில் நொண்டிக்கொண்டு இறங்கிப் போனான். இரண்டாவது, என் கணவர். என் தாயைப் பற்றி ஒரு வார்த்தை விட்டார், என் கையில் அகப்பை இருந்தது. மூன்றாவது, எங்கள் கட்டடத்தில் குடியிருந்த ஒருத்தி. நிலவறையில் இருக்கும் சலவை மெஷினுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறைநாள் உண்டு. என் நாளில் அவள் தன் துணிகளைப் போட்டுவிட்டு, என் துணிகளை ஈரத்தோடு நிலத்தில் எறிந்திருந்தாள். அதிலிருந்த ஒரு துவாயை எடுத்து அவளை விளாசினேன். நான்காவது ஒரு போர்த்துக்கல்காரி. அவளைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமையும் இருக்கிறது, மறைத்து என்ன. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது, நான் வாங்கிய ஓர் அடியைப் பற்றி. வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்காத ஒரே அடி அது.

எம்மன்புரூக்கேயில், ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கட்டடத்தை நடுவில் ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கும். இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். மெஷின்கள் அந்தச் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கும். நாங்கள் இந்தக் கதவால் அழுக்குத் துணியைத் திணிப்போம், அவர்கள் அந்தக் கதவால் வெள்ளைத் துணியை எடுப்பார்கள். சுத்தப் பக்கத்தில் மடிப்பும் அடுக்கும், ரேடியோவில் பாட்டு. அழுக்குப் பக்கத்தில் இரத்தம், வாந்தி, மலம். பையைத் தூக்கி மேசையில் கொட்டிப் பிரிக்க வேண்டும். துணியோடு துணியாக எது வருமென்று சொல்ல முடியாது. கத்தரிக்கோல் வரும், பல்செட் வரும். ஊசியும் வரும். தடித்த கையுறை போட்டிருப்போம்தான், ஆனால் ஊசிக்குக் கையுறை ஒரு பொருட்டா?

பன்னிரண்டு வருடம் அழுக்குப் பக்கத்தில் நின்றேன். என் வலது தோள் பழுதாகி, தலை வாருவதற்குக்கூடக் கையைத் தூக்க முடியாத நிலைக்கு வந்திருந்தது. என்னோடு ஒரே மேசையில் நின்றவள் என் மச்சாள், என் கணவரின் தங்கை. அவளை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். இரண்டு பிள்ளைகளின் தாய். ஊசிக்கு அப்படிப் பயம் அவளுக்கு. ஒவ்வொரு பையை அவிழ்க்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அந்த வருடம் மட்டும் அவளுடைய மேசையில் மூன்று ஊசி வந்தது. "ஒருநாளைக்கு எனக்குக் குத்தும் மச்சாள், பிறகு என்ர பிள்ளையளைக் கொஞ்சக்கூட எனக்குப் பயமாயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் "வாயைக் கழுவுங்கோ" என்று சத்தம் போடுவேன்.

அந்தப் புரட்டாதி முடிவில் சுத்தப் பக்கத்தில் ஒருத்தி ஓய்வுபெற்றுப் போனாள். ஒரேயொரு இடம். அழுக்குப் பக்கத்தில் நாங்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் அது வேண்டும், ஆறு பேரிடமும் காரணம் இருந்தது. போர்த்துக்கல்காரி பொறுப்பாளரிடம் போய், நான் எருமை மாதிரிப் பலசாலி என்றும், என்னை அழுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தால் தொழிற்சாலைக்கு லாபமென்றும் சொல்லியிருக்கிறாள். அது என் காதுக்கு வந்து அரை நிமிடம் ஆகியிருக்காது. ஒரு பை நிறைய அறுவைச் சிகிச்சை அங்கிகள் என் கையில் இருந்தது. அப்படியே இடது கையால் சுழற்றி அவளுடைய முதுகில் அடித்தேன். அவள் திரும்பி என் கொண்டையைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் துணி வண்டிலுக்குள் விழுந்து, யாருடையதோ இரத்தத்தில் புரண்டு, அவள் என் முழங்கையைக் கடிக்க, நான் அவளுடைய காதைத் திருக, மற்றவர்கள் வந்து இழுத்துப் பிரித்தார்கள். மச்சாள் என் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "விடுங்கோ மச்சாள், வேலை போயிடும்!" என்று அழுதாள்.

இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பொறுப்பாளரை நாங்கள் செஃப் என்றுதான் கூப்பிடுவோம். சுவிஸ்காரர், கோபம் வந்தால் காது சிவக்கும், மற்றப்படி நல்ல மனிதர். "இதில் யாரைத் தெரிவுசெய்தாலும் மற்ற ஐந்து பேரும் என்னைக் கொல்வீர்கள். ஆகவே நான் தெரிவுசெய்யப்போவதில்லை" என்றார். அவருடைய மகன் லூசர்னில் பேஸ்போல் விளையாடுகிறவன். அமெரிக்காவில் இறுதித் தொடர் அடுத்த வாரம் தொடங்க இருந்தது. யார் வெல்வார்கள், எத்தனைக்கு எத்தனை என்று சரியாகச் சொல்கிறவளுக்கு அந்த இடம். ஒரு எண்ணை ஒருத்தர்தான் எழுதலாம், முந்தினவருக்கு முதல் உரிமை. ஒருவருக்கும் சரிவராவிட்டால் சீட்டுக் குலுக்கல். கோப்பி மெஷினுக்கு மேலே ஒரு தாளை ஒட்டினார். ஒரு பக்கம் நீலத் தொப்பி அணி, மறுபக்கம் சாம்பல் தொப்பி அணி, கீழே கோடுகள். ஏழு ஆட்டத் தொடர் என்று தலைப்பு.

எங்களில் ஒருத்திக்கும் பேஸ்போல் தெரியாது. எரித்திரேயாக்காரி அதை ஓட்டப் பந்தயம் என்று நினைத்திருந்தாள். ஆனால் மச்சாளும் நானும் தலையை நிமிர்த்திக்கொண்டோம். மட்டை, பந்து, அடி, ஓட்டம். எங்களுக்குத் தெரியாத மட்டையா? அண்ணன் தம்பிமார் கிரிக்கெட் அடிக்க, ஓட்டக் கணக்கு எழுதியே வளர்ந்தவர்கள் நாங்கள். மச்சாள் அன்றைக்கே, திங்கட்கிழமை ஒன்பது மணி இடைவேளையில், எல்லோருக்கும் முந்திப்போய்த் தாளில் எழுதினாள். நீலத் தொப்பி, ஐந்துக்கு இரண்டு.

எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஏழு ஆட்டம் என்றால் ஏழு ஆட்டம். கிரிக்கெட்டில் ஐந்து ஆட்டத் தொடரை மூன்று வென்று கைப்பற்றினாலும் மிச்சம் இரண்டையும் ஆடித்தானே முடிக்கிறார்கள்? நான் ஆறுக்கு ஒன்று எழுதுவோமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எதற்கும் கனடாவில் இருக்கும் என் தம்பியிடம் கேட்டுவிட்டு எழுதுவோமென்று விட்டுவிட்டேன். அவனுக்குப் பேஸ்போல் பைத்தியம்.

வேலை முடிந்து வந்து தம்பிக்குப் போன் அடித்தேன். ஆறுக்கு ஒன்று என்றதும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவனுக்கு.

"அக்கா, விசரே உங்களுக்கு? நாலு வெண்டா முடிஞ்சுது. பிறகு ஆர் விளையாடுறது? எல்லாரும் வீட்டை போயிடுவினம்."

"அப்ப அஞ்சுக்கு ரெண்டு?"

"அப்பிடி ஒண்டு உலகத்திலயே இல்லை. நீலத் தொப்பிதான் வெல்லும். நாலுக்கு ரெண்டு எண்டு எழுதுங்கோ, கண்ணை மூடிக்கொண்டு எழுதுங்கோ."

போனை வைத்ததும் மச்சாளுக்கு அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அவள் இருப்பது இரண்டு தெரு தள்ளி. போனை எடுத்தேன், வைத்தேன். தோளுக்குத் தைலம் போட்டேன். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். நாளைக்கும் சொல்லமாட்டேன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் செஃப் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கூப்பிட்டார். மச்சாளுக்கு ஜெர்மன் அவ்வளவு வராது. எண்களும், வேலைச் சொற்களும், நன்றியும் தெரியும். அவளுக்கு எது சொல்வதென்றாலும் செஃப் என்னைத்தான் கூப்பிடுவார். ஐந்துக்கு இரண்டின் மேல் விரலை வைத்தார்.

"இப்படி ஒரு முடிவு வரவே வராது. நான்கு வென்றவுடன் தொடர் முடிந்துவிடும். இது அவளுக்குத் தெரியுமா என்று கேள். வேண்டுமானால் மாற்றி எழுதட்டும்."

மச்சாள் மூன்று அடி தள்ளி, கோப்பிக் கோப்பையோடு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் என்ன செய்வாள்? ஐந்தை வெட்டிவிட்டு நான்கு போடுவாள். நீலத் தொப்பி, நாலுக்கு இரண்டு. என் தம்பி எனக்குச் சொன்ன எண். என் தோள்.

நான் மச்சாள் பக்கம் திரும்பினேன். தமிழில் கேட்டேன்.

"மச்சாள், கோப்பிக்கு இனிப்புக் காணுமோ?"

"ஓம், காணும் காணும்" என்று பலமாகத் தலையாட்டினாள்.

நான் செஃப் பக்கம் திரும்பினேன். "அவளுக்குத் தெரியுமாம். பகிடிக்கு எழுதினாளாம். அந்த இடம் அவளுக்கு வேண்டாமாம், இருந்த இடத்திலேயே இருக்கிறாளாம்" என்றேன்.

செஃப் அவளைப் பார்த்தார். அவள் மறுபடியும் சிரித்துத் தலையாட்டினாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். "என்னவாம்?" என்று மச்சாள் கேட்டாள். "கோப்பி மெஷினைத் துடைக்கட்டாம்" என்றேன். அவள் உடனே துணி எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். அவள் துடைத்துக்கொண்டிருக்க, அவளுடைய தலைக்கு மேலால் கையை நீட்டி, வலது கை எழும்பாததால் இடது கையால், நாலுக்கு இரண்டு என்று எழுதினேன்.

அந்தத் தொடர் நடந்த பத்து நாளும் எனக்கு உடம்பெல்லாம் சூடு. அங்கே இரவு ஆட்டம், இங்கே நாங்கள் ஆறு மணிக்கு வேலை தொடங்கும்போது முடிந்திருக்கும். பேருந்தில் போகும்போதே மச்சாளும் நானும் ஒரு போனில் தலையை முட்டிக்கொண்டு வெட்டி ஒட்டிய காட்சிகளைப் பார்ப்போம். மூன்றாவது ஆட்டத்தில் பந்தெறிகிறவன் வேண்டுமென்றே ஒரு நீலத் தொப்பியின் விலா எலும்பில் எறிந்தான். 'டொக்' என்று சத்தம் கேட்டது. அடிபட்டவன் மட்டையை வீசிவிட்டு ஓடிப்போய் எறிந்தவனின் கழுத்தைப் பிடித்தான். அவ்வளவுதான், இரண்டு அணியும் மொத்தமாக மைதானத்துக்குள் பாய்ந்தது. உட்கார்ந்திருந்தவர்கள், பயிற்சி கொடுக்கிற தொந்திக்காரர்கள், எல்லோரும். முகத்தில் குத்து, வயிற்றில் உதை, ஒருவனின் மூக்கிலிருந்து இரத்தம் சட்டையில் ஒழுகியது. "அடி! அடியடா அவனை!" என்று நான் பேருந்தில் கத்திவிட்டேன். வேலைக்குப் போகிற சனம் முழுதும் திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்த விளையாட்டைப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

மச்சாள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். ஐந்து ஆட்டம் முடிய, நீலத் தொப்பி மூன்று, சாம்பல் தொப்பி இரண்டு. "இனி ரெண்டையும் நாங்கள் வெண்டால் சரி மச்சாள். அஞ்சுக்கு ரெண்டு. நான் அந்தப் பக்கம் போனா, செஃப்பிட்டைச் சொல்லி உங்களையும் எடுப்பிக்கிறன்" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஆறாவது ஆட்டத்தை நீலத் தொப்பி வென்றது. செஃப் காலையில் வந்து கைதட்டி என் பெயரைச் சொன்னார். போர்த்துக்கல்காரி தன் கையுறையைக் கழற்றிச் சுவரில் அடித்தாள். மச்சாள் குழம்பிப்போய் நின்றாள்.

"இன்னும் ஒண்டு மிச்சம் கிடக்கெல்லோ?"

"நாலோட முடிஞ்சுதாம், மச்சாள். அவங்கட சட்டம் அப்பிடியாம்."

"அட, அது தெரியாமல் போச்சே" என்றாள். முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள். "பரவாயில்லை. உங்கட தோள் ஆறட்டும். ஆருக்கும் போறதுக்கு எங்கட ஆளுக்குத்தானே போனது." அப்போது அவள் எனக்கு ஒரு அறை விட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

சுத்தப் பக்கத்தில் வெளிச்சம் அதிகம். மெஷின் நின்றதும் கதவைத் திறப்பேன். சூடாக, வெள்ளையாக விரிப்புகள் வரும். அவற்றை அந்தப் பக்கத்தில் திணித்தவள் மச்சாள்தான் என்று எனக்குத் தெரியும். ஒருநாளைக்கு நூறு தடவை அது ஞாபகம் வரும். ஞாபகம் வரும்போதெல்லாம் விரிப்பை உதறுகிற உதறலில் பக்கத்தில் நிற்கிறவள் திடுக்கிடுவாள். வீட்டில் கணவர் ஏதாவது கேட்டால் கதவைச் சாத்தினேன், சட்டியைப் போட்டு உடைத்தேன். "இடம் கிடைச்ச பிறகும் ஏன் இந்தக் கொதி?" என்று அவர் கேட்டார். அன்றைக்கு இன்னொரு சட்டியும் போனது.

மூன்றாவது வாரம், ஒரு வியாழன் காலை, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தல் கேட்டது. மெஷின்கள் அத்தனை ஓடியும் கேட்டது. எனக்கு யாரென்று பார்க்கத் தேவையிருக்கவில்லை.

நான் ஓடிப்போனபோது, மச்சாள் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையுறையைக் கழற்றியிருந்தார்கள். உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு சிவப்புப் புள்ளி. மேசையில் இரத்தம் காய்ந்த விரிப்புக்குள் அந்த ஊசி கிடந்தது. குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்துக் கழுவிவிட்டு, செஃப் எங்கள் இரண்டு பேரையும் தன் காரில் ஏற்றினார். நான் மொழிபெயர்க்க வேண்டுமே. மச்சாள் வழி முழுக்க அந்தக் கையை மடியில் வைக்காமல், காற்றில் பிடித்தபடியே வந்தாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவளுடைய இரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அதை நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஆறு மாதம் சென்றது. அந்த ஆறு மாதமும் அவள் தன் பிள்ளைகளின் கோப்பையில் வாய் வைக்கவில்லை, நகம் வெட்டிவிடவில்லை. சின்னவன் ஓடிவந்து கட்டிப்பிடித்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாளாம். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது செஃப்புக்கு மனம் கேட்கவில்லை. காது சிவந்திருந்தது. என்னைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் மெதுவாகச் சொன்னார். அவள் ஒழுங்கான எண் எழுதியிருந்தால் இன்றைக்கு அந்த மேசையில் நின்றிருக்க வேண்டியதில்லை. ஐந்துக்கு இரண்டு என்று பகிடி எழுதாமல் இருந்திருக்கலாம். இருந்த இடத்திலேயே இருக்க ஆசைப்பட்டாளே, பாவம்.

'ஐந்துக்கு இரண்டு' மச்சாளுக்கு விளங்கியது. எண்கள் அவளுக்குத் தெரியும் என்றேனே. நிமிர்ந்தாள்.

"என்ன சொல்லுறார்?"

நான் வாயைத் திறந்தேன். வாய் நிறைய ஆயத்தமான பொய் இருந்தது. அவள் என்னை விட்டுவிட்டு செஃப் பக்கம் திரும்பினாள். தன் நெஞ்சில் அந்தக் கையை வைத்து, உடைந்த ஜெர்மனில் கேட்டாள்: நான்? நான் இருக்க ஆசை? யார் சொன்னது?

செஃப் குழம்பிப்போய் என் பக்கம் தாடையை நீட்டிக் காட்டினார். கோப்பி மெஷினடியில் கேட்டோமே, நீயும் தலையாட்டினாயே என்று, தானும் தலையாட்டிக் காட்டினார்.

அந்தத் தலையாட்டலை மச்சாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்.

"அண்டைக்கு நீ, கோப்பிக்கு இனிப்புக் காணுமோ எண்டெல்லோ கேட்டனீ?"

இருபது வருடத்தில் அவள் என்னை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. நான் ஓம் என்றேன். ஓம் என்று முடிக்கும் முன்பே அடி விழுந்தது. ஊசி குத்திய அதே கையால், முழு வீச்சில், கன்னத்தோடு காதைச் சேர்த்து. என் கண்ணாடி பறந்து சுவரில் பட்டு உடைந்தது. பல் உதட்டில் குத்தி வாயெல்லாம் இரத்தம். இரண்டாவதும் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. தாதி ஓடிவந்தாள், செஃப் மச்சாளைப் பிடித்தார், அவள் அவரையும் தள்ளிவிட்டு என் நெஞ்சில் குத்தினாள். "என்ர பிள்ளையள்! என்ர பிள்ளையள்!" என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னாள். நான்கு பேரை அடித்த என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வைத்தியர் வந்து கூப்பிட்டார். நான் எழும்பினேன், மொழிபெயர்க்க. மச்சாள் என்னைப் பார்க்காமலே கையை நீட்டி மறித்தாள். "வேற ஆள்" என்று ஜெர்மனில் சொன்னாள்.

கதவைச் சாத்தினார்கள். வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன். உள்ளே தொலைபேசியில் யாரோ ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். கதவு முழுதாகப் பூட்டவில்லை. அந்த ஆண் குரல் வைத்தியர் சொன்ன ஒவ்வொன்றையும் ஆறுதலாக, ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னது. மச்சாள் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே ஜெர்மனில் சொன்னது. எத்தனை சோதனை, எத்தனை மாதம், பிள்ளைகளோடு எப்படி இருக்கலாம், எல்லாம். எனக்கு இரண்டு மொழியும் விளங்கும். ஒரு சொல் பிழையில்லை.

கடைசியாக அந்தக் குரல் கேட்டது:

"அம்மா, உங்களை வீட்டை கூட்டிக்கொண்டு போக, உங்கட ஆக்கள் ஆராவது வந்திருக்கினமோ எண்டு டொக்டர் கேக்கிறார்."

"இல்லைத் தம்பி" என்றாள் மச்சாள். "ஒருத்தரும் வரேல்லை."

அதையும் அவர் அப்படியே மொழிபெயர்த்தார்.